கரூராவில் சிந்திய ரத்தம்

நகரக் காடுகள் கரியமில வாயுவை உறிஞ்சும் என்று இன்று அரசுகள் பேசுகின்றன. அந்தக் காடுகள் எப்படி எஞ்சின என்று கேட்டால்தான் பெண்களின் வரலாறு தொடங்குகிறது.

கென்யத் தலைநகர் நைரோபியின் வடக்கே, ஏறத்தாழ 1,000 ஹெக்டேரில் விரிந்திருக்கிறது கரூரா காடு. 1990களின் இறுதியில் ஆட்சியாளர்கள் அதைத் துண்டு போட்டுத் தனியாருக்குக் கொடுத்தார்கள். எதிர்த்து நின்றவர் வங்காரி மாத்தாய். 1977இல் அவர் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கத்தில், விறகுக்கும் தண்ணீருக்கும் நெடுந்தூரம் நடந்த கிராமத்துப் பெண்களே நாற்று வளர்த்தார்கள். பிழைத்த கன்றுகளுக்குச் சிறு தொகை கிடைத்தது. 1989இல் உகுரு பூங்காவில் எழவிருந்த 60 மாடிக் கட்டடத்தை அவர் எதிர்த்தபோது, ஆண்களை மதித்து அமைதியாக இருப்பதே பெண்ணுக்கு மரபு என்றார் அதிபர் மோய். கட்டடம் எழவில்லை.

1999 ஜனவரி 8 அன்று கரூராவில் மரம் நடச் சென்றவர்களை அடியாட்கள் தாக்கினார்கள். மாத்தாயின் மண்டை உடைந்தது. காவல் நிலையப் புகாரில் தன் ரத்தத்தாலேயே ஒப்பமிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில், பொது நிலங்களைத் தனியாருக்கு ஒதுக்குவதை மோய் நிறுத்தினார். காடு பிழைத்தது.

மரம் வளரும்போது கார்பனைத் தண்டிலும் வேரிலும் சேர்க்கிறது. வெட்டி எரித்தால் அது காற்றுக்கே திரும்புகிறது. ஆகவே நகரக் காட்டின் முதல் வரவு, அது வெட்டப்படாமல் இருந்ததுதான். நகரத்தின் புகை முழுவதையும் அது உள்வாங்கிவிடாது என்பதும் உண்மை. கார்பன் கணக்கேடுகளில் டன்கள் பதிவாகின்றன. நாற்றுக்குத் தண்ணீர் சுமந்த கைகளுக்கும் காட்டுக்காக அடிபட்ட உடல்களுக்கும் அங்கே பத்தி இல்லை. அதை எழுதிச் சேர்ப்பது நம் வேலை.