யானைத் தந்தமும் உலக உடன்படிக்கையும்



2016ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 26ஆந் திகதி, கொழும்பு காலிமுகத்திடலிலே, 359 யானைத் தந்தங்கள் பொதுமக்கள் பார்த்திருக்க இயந்திரத்திலிட்டு நொறுக்கப்பட்டன. அவற்றின் நிறை ஏறத்தாழ ஒன்றரைத் தொன். சமயப் பெரியோர் வந்திருந்து, மாண்ட யானைகளுக்காகப் பிரார்த்தனை செய்தனர். அத்தந்தங்களுள் ஒன்றேனும் இலங்கை யானையினுடையதன்று. 2012ஆம் ஆண்டு மே மாதத்தில், கென்யாவிலிருந்து துபாய்க்குச் சென்றுகொண்டிருந்த கொள்கலன் ஒன்று கொழும்புத் துறைமுகத்தில் சுங்க அதிகாரிகளிடம் அகப்பட்டது. அதனுள்ளே இருந்தவையே அவை. தன்சானியாவிலும் மொசாம்பிக்கின் வடபாகத்திலும் வாழ்ந்த யானைகளுக்குரியவை என்பதைப் பின்னர் மரபணுச் சோதனை காட்டிற்று. விகாரைகளுக்கு அவற்றை வழங்கலாமென்றொரு யோசனை இடையே எழுந்து, எதிர்ப்பு வந்தபின் கைவிடப்பட்டது.

ஒரு நாட்டிற் கொல்லப்பட்ட விலங்கின் தந்தம், இன்னொரு நாட்டிற் கப்பலேற்றப்பட்டு, வேறொரு நாட்டை நோக்கிச் செல்கின்றது. வழியிலிருக்கும் நான்காவது நாடு அதனைப் பறித்து அழிப்பதற்கு எங்கிருந்து உரிமை பெற்றது? அவ்வுரிமை பிறந்த வரலாறு நூறாண்டுக்கு மேற்பட்டது, தோல்விகள் மலிந்தது. அதனையே இன்று ஓரளவு கூற முற்படுகின்றேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய, அமெரிக்க மாளிகைகளிலே பியானோ வாத்தியம் இல்லாத வீடு மதிப்பற்றதாயிருந்தது. அந்த வாத்தியத்தின் வெண்கட்டைகளுக்கு மேலோடு தந்தம். பில்லியட் விளையாட்டின் பந்துகள் தந்தம். சீப்பும் கத்திப்பிடியும் தந்தம். கிழக்காபிரிக்காவின் உட்பகுதிகளிலிருந்து, பெரும்பாலும் அடிமைகளின் தோள்மீதேறி, கரைக்கு வந்து சேர்ந்த தந்தம் சன்சிபார்த் தீவிலே கைமாறிற்று. அங்கிருந்து பம்பாய்க்கும் இலண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றது. கொங்கோவின் தந்தமோ அன்ட்வேர்ப் நகரச் சந்தைக்குச் சென்றது. வாங்கியவர்களிற் பெரும்பாலார் யானையைக் கண்ணாற் கண்டவரல்லர்.

இங்கே ஒன்றைச் சொல்லிவைத்தல் தகும். நம் நாட்டிலும் யானை வியாபாரம் பெரிதாய் நடந்ததுண்டு. ஒல்லாந்தர் காலத்தில் வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் யானையிறவின் ஆழமற்ற நீரைக் கடந்து யாழ்ப்பாணம் புகுந்து, ஊர்காவற்றுறையிற் கப்பலேறி இந்தியத் துறைகளுக்குச் சென்றன. ஆனால் அது உயிருள்ள யானையின் வியாபாரம். இலங்கையின் ஆண் யானைகளிலே மிகச் சிலவற்றுக்கே தந்தமுண்டு. பெண் யானைகளுக்குத் தந்தம் இல்லை. ஆபிரிக்க யானையோ ஆணும் பெண்ணும் தந்தமுடையது. அந்த வேறுபாடே அதன் இனத்துக்கு எமனாயிற்று.

யானைகள் வேகமாக அருகிவருவதைக் கண்ட ஐரோப்பிய வல்லரசுகள், 1900ஆம் ஆண்டு இலண்டனிற் கூடின. பிரித்தானியா, ஜேர்மனி, பிரான்ஸ், போர்த்துக்கல், ஸ்பெயின், இத்தாலி ஆகிய நாடுகளின் பிரதிநிதிகளுடன், கொங்கோவைத் தம் தனியுடைமைபோல் ஆண்ட பெல்ஜிய மன்னரின் பிரதிநிதியும் வந்தமர்ந்தார். ஆபிரிக்கர் எவரும் அழைக்கப்படவில்லை. ஐந்து கிலோகிராமிலும் குறைந்த நிறையுள்ள தந்தங்களைப் பறிமுதல் செய்யவேண்டுமென அவர்கள் விதித்தனர். இளம் யானையைக் கொல்வோனுக்கு இலாபமில்லாமற் செய்வதே நோக்கம். அதே உடன்படிக்கை மறுபுறத்திலே சிங்கம், சிறுத்தை, கழுதைப்புலி, முதலை முதலியவற்றைத் தீங்கு செய்வனவென்று வகுத்து, அவற்றின் தொகையைக் குறைக்கவும் சொல்லிற்று. அன்று பகையெனப்பட்ட சிறுத்தையும் முதலையும் இன்று பாதுகாப்புப் பட்டியலிலே யானைக்குப் பக்கத்தில் நிற்கின்றன.

அவ்வுடன்படிக்கை நடைமுறைக்கு வரவேயில்லை. ஒப்பமிட்ட நாடுகளிற் பல அதனை உறுதிசெய்யவில்லை. ஓர் ஆட்சிப்பகுதியில் தடுக்கப்பட்ட சிறு தந்தம் எல்லை கடந்தவுடன் அடுத்த ஆட்சிப்பகுதியின் சரக்காகிவிடும். அயலான் வாயிலைத் திறந்து வைத்திருக்கையில் தான் மட்டும் அடைப்பதால் வருமானம் போவதன்றி வேறென்ன பயன் என்று ஒவ்வோர் ஆட்சியும் எண்ணிற்று. குடியேற்ற ஆட்சிகள் தத்தம் எல்லைக்குள் வேட்டைச் சட்டங்கள் இயற்றாமலில்லை. ஆயின், அனுமதிப் பணம் கட்டிய ஐரோப்பியர் அதனால் வேட்டைக்காரராயினர். தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய ஆபிரிக்கரோ திருடராயினர். அந்தக் கசப்பு இன்றும் ஆறவில்லை.

1933ஆம் ஆண்டில் மீண்டும் இலண்டனிலேயே கையெழுத்தாகி, 1936இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை ஒருபடி முன்னேறியது. சட்டப்படி ஏற்றுமதியானதென்ற சான்றின்றி எந்தத் தந்தமும் இறக்குமதியாகலாகாது என்ற கருத்து அதிலே இடம்பெற்றது. விற்பவன் வாயிலிலே மட்டுமன்றி, வாங்குபவன் வாயிலிலும் காவலன் ஒருவனை நிறுத்தும் எண்ணம் அதிற்றான் உருப்பெற்றது. என்றாலும் உடன்படிக்கையை நடத்துதற்கு ஒரு செயலகம் ஏற்படுத்தப்படவில்லை. பின்னர் உலக யுத்தம் வந்தது. ஆபிரிக்க நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாய் விடுதலை பெற்றன.

1963இல் நைரோபியிற் கூடிய சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், காட்டுயிர் வர்த்தகத்துக்கென உலகளாவிய உடன்படிக்கை வேண்டுமெனத் தீர்மானித்தது. பத்தாண்டுகள் வரைபுகளிலே கழிந்தன. 1973ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3ஆந் திகதி வாஷிங்டனில், 80 நாடுகளின் பிரதிநிதிகள் கூடிய மாநாட்டின் முடிவிலே அது நிறைவேறிற்று. 1975 ஜூலை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கூட்டிச் சைற்றிஸ் என அழைப்பர். இலங்கை 1979இல் இதிற் சேர்ந்தது. கொழும்புத் துறைமுகத்திலே தந்தத்தைப் பற்றிய கைக்கு வலிமை தந்தது இதுவே.

இதன் அமைப்பு மூன்று அட்டவணைகளிலே தங்கியிருக்கின்றது. அழியும் நிலையிலுள்ள இனங்கள் முதலாம் அட்டவணையில் அடங்கும்; அவற்றை வர்த்தக நோக்கத்தோடு நாடுவிட்டு நாடு கொண்டுசெல்லல் ஆகாது. இரண்டாம் அட்டவணையிலுள்ளவை ஏற்றுமதி அனுமதிப் பத்திரத்தோடு செல்லலாம். தனியொரு நாடு தன் இனத்தைக் காக்கப் பிற நாடுகளின் ஒத்துழைப்பை நாடுவது மூன்றாவது. நம் ஆசிய யானை தொடக்கத்திலேயே முதலாம் அட்டவணையில் இடம்பெற்றது. ஆபிரிக்க யானையோ 1977இல் இரண்டாம் அட்டவணையில் வைக்கப்பட்டது. அதாவது, பத்திரமிருந்தால் தந்தம் போகலாம்.

அதன் விளைவை எண்களே சொல்லும். 1979இல் ஆபிரிக்காவில் ஏறத்தாழ 13 இலட்சம் யானைகள் இருந்தனவென மதிப்பிடப்பட்டது. 1989இல் 6 இலட்சமளவே எஞ்சின. இடையிலே, 1986 முதல், ஒவ்வொரு நாடும் ஆண்டுக்கு இத்தனை தந்தந்தான் ஏற்றலாமென்று ஒதுக்கீட்டு முறையொன்று புகுத்தப்பட்டது. முறை தொடங்குமுன் கையிருப்பிலுள்ள தந்தத்தையெல்லாம் பதிவுசெய்து கொள்ளலாமென்றும் இடமளிக்கப்பட்டது. நன்னோக்கத்தோடு செய்யப்பட்டதாயினும், என் மனத்துக்கு இதுவே இவ்வரலாற்றின் மிகப்பெரிய தவறாகப் படுகின்றது. காட்டு யானைக் கூட்டமெனச் சொல்லத்தக்கது எதுவுமற்ற சின்னஞ்சிறு புருண்டி நாட்டிலே ஏறத்தாழ 89 தொன் தந்தம் பதிவாயிற்று. காட்டு யானைக் கூட்டமற்ற சிங்கப்பூர் நகரிலே 270 தொன்னுக்கு மேற் பதிவாயிற்று. அயல் நாடுகளிலே களவாகக் கொல்லப்பட்ட யானைகளின் தந்தமே இவற்றிற் பெரும்பகுதி. முத்திரை விழுந்த அன்றே அது சட்டப்பொருளாயிற்று; விலை உயர்ந்தது. செதுக்கிய தந்தத்துக்கு ஹொங்கொங் சட்டத்திலே விலக்கிருந்தது. ஆகையால் வணிகர் துபாயிலே பட்டறை அமைத்து, தந்தத்தை ஓரளவு செதுக்கி அங்கே அனுப்பினர்.

கென்யாவில் 1973அளவில் இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த யானைகள், 1989இல் இருபதினாயிரத்துக்குங் கீழே வந்துவிட்டன. அவ்வாண்டு ஜூலை மாதம் கென்ய ஜனாதிபதி டானியேல் அரப் மோய், நைரோபித் தேசிய வனத்திலே 12 தொன் தந்தத்துக்குத் தம் கையாலேயே தீ வைத்தார். வறிய நாடொன்று தன் செல்வத்தைக் கொளுத்துகின்ற அக்காட்சி உலகெங்கும் பரவிற்று. மூன்று மாதத்தின்பின், ஒக்டோபரில், சுவிற்சர்லாந்தின் லொசான் நகரிற் கூடிய மாநாடு ஆபிரிக்க யானையை முதலாம் அட்டவணைக்கு உயர்த்தியது. தடை 1990 ஜனவரியிலே தொடங்கிற்று. ஹொங்கொங் வணிகரிடமிருந்த கையிருப்பை முன்னிட்டு, அந்நகரின் பேரால் பிரித்தானியா ஆறுமாத விலக்குக் கேட்டுக்கொண்டது. அப்படியிருந்தும் தந்தத்தின் விலை பல இடங்களிலே சரிந்தது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்று. ஆனால் தென்னாபிரிக்கப் பிராந்திய நாடுகளுக்கு வேறொரு நியாயம் உண்டு. அதனைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. பொற்சுவானா, நமீபியா, சிம்பாப்வே ஆகிய நாடுகளிலே யானைகள் குறையவில்லை, பெருகின. "எங்கள் காவலினாற் பெருகியவை இவை, இயற்கையாய் இறந்த யானைகளின் தந்தம் எங்கள் களஞ்சியத்திலே குவிந்து கிடக்கின்றது, அதனை விற்றுக் காட்டையும் காட்டோரத்து மக்களையும் பேண விடுங்கள்" என்பது அவர்கள் வாதம். பயிரை யானை அழிக்க, விடிய விடியக் காவலிருக்கும் கமக்காரனின் துயரம் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் இருப்போருக்கு நாம் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. தூரத்து நகரங்களில் இருந்துகொண்டு யானையின்மேல் அன்பு செலுத்துவது எளிது.

அவர்கள் வாதம் ஓரளவு ஏற்கப்பட்டது. 1997இல் ஹராரே மாநாடு அம்மூன்று நாடுகளின் யானைகளையும் இரண்டாம் அட்டவணைக்கு இறக்கியது. 1999இல் ஏறத்தாழ 50 தொன் யப்பானுக்கு விற்கப்பட்டது. 2008இல் தென்னாபிரிக்காவும் சேர, நூறு தொன்னுக்குச் சற்று மேற்பட்ட தந்தம் சீனாவுக்கும் யப்பானுக்கும் சென்றது. நான்கு நாடுகளும் பெற்ற தொகை சுமார் 15 மில்லியன் அமெரிக்க டொலர். அதன்பின் வந்த ஆண்டுகளிலே களவு வேட்டை மீண்டும் தலைதூக்கிற்று. தன்சானியாவில் 2009இல் ஒரு இலட்சத்து 9 ஆயிரமாயிருந்த யானைகள் 2014இல் 43 ஆயிரமாயின. 2008ஆம் ஆண்டு விற்பனைதான் இதற்குக் காரணமா, சீனரின் செல்வப் பெருக்கே போதிய காரணமா என்பதில் அறிஞர் ஒருமிக்கவில்லை. சட்டத் தந்தமும் களவுத் தந்தமும் ஒரே கடைத்தட்டில் இருக்கையில், வாங்குபவனுக்கு அவற்றைப் பிரித்தறிய வழியில்லை என்பது மட்டும் தெளிவு. கொழும்பில் அகப்பட்ட கொள்கலன் அந்த ஆண்டுகளுக்குரியது, அந்த மண்ணுக்குமுரியது.

சீனா தன் உள்நாட்டுத் தந்தச் சந்தையை 2017ஆம் ஆண்டு முடிவோடு மூடியது. 2014 தொடக்கத்தில் கிலோகிராமுக்கு 2,100 டொலராயிருந்த மொத்த விலை, தடை வருமென்ற அறிவிப்பின் பின்னே, 2017 தொடக்கத்திலேயே 730 டொலராக இறங்கியிருந்தது. ஹொங்கொங் 2021 முடிவோடு தன் சந்தையை மூடிற்று.

உடன்படிக்கை நாடுகளின் பதினெட்டாவது மாநாடு 2019 மே மாதம் கொழும்பிலே நடப்பதாயிருந்தது. அவ்வாண்டு ஏப்ரில் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, நம் நாட்டைக் குலுக்கிய குண்டுவெடிப்புக்களின்பின் அது ஓகஸ்ற் மாதத்தில் ஜெனீவாவிலே நடந்தது. தென் பிராந்திய நாடுகள் தந்தம் விற்க மீண்டும் அனுமதி கேட்டன. பெரும்பான்மை வாக்கு மறுத்தது. உடன்படிக்கையில் தொடர்ந்திருப்பதா என்பதையே தாம் மீள யோசிக்க நேருமென அவர்கள் சார்பிலே தன்சானியா அறிவித்தது. எனினும் அவர்கள் விலகவில்லை. 2022இலே சிம்பாப்வே அயல்நாட்டுத் தூதுவர்களை அழைத்துத் தன் களஞ்சியத்தைத் திறந்து காட்டிற்று. 130 தொன் தந்தம், விற்கவும் முடியாமல், எரிக்கவும் மனமில்லாமல், அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.