யாரைக் கேட்டுக் கட்டினார்கள்?

நண்பர் ஒருவர் ஏற்காட்டில் வீடு கட்டுகிறார். சேலத்தில் முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவர். ஓய்வுப் பணத்தையும் பிள்ளைகள் கொடுத்ததையும் போட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, சரிவில் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறார். மேஸ்திரியிடம் விடாமல் ஆர்க்கிடெக்ட் வைத்துத்தான் கட்டுவது என்று முடிவு. பிளானை மேஜைமேல் விரித்து, நாலு மூலையிலும் டம்ளர் வைத்துவிட்டு, "நீங்க தமிழ் படிச்சவரு, சும்மா பாத்துச் சொல்லுங்க" என்றார். தமிழ் எம்.ஏ.வுக்கும் கட்டட வரைபடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதுவும் ஒரு பிரதிதானே.

நல்ல பிளான். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். மலையை வெட்டிச் சமதளமாக்கி அதன்மேல் சேலத்து வீட்டைத் தூக்கி வைக்கவில்லை. சரிவு இறங்குகிற மாதிரியே வீடும் மூன்று படிநிலைகளில் இறங்குகிறது. ஆர்க்கிடெக்ட் இளம் பெண். இரண்டு மாதம் வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டாராம். பாட்டிக்கு முழங்கால் வலி, ஆகவே அவர் அறை நுழைவாசல் மட்டத்திலேயே. மருமகள் சமைக்கும்போது பனி இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்றாராம், சமையலறை ஜன்னல் அதற்குத் தக்கபடி. பேரன் கேட்ட ஒளிந்துகொள்ளும் இடம்கூட மாடிப்படிக்குக் கீழே வந்துவிட்டது.

வரைபடத்தின் ஓரத்தில், செப்டிக் டேங்கை ஒட்டி, எட்டுக்கு எட்டு ஒரு கட்டம் இருந்தது. உள்ளே 'வேலையாள்' என்று எழுதியிருந்தது.

"இது?"

"தோட்டம் பாக்க, காவலுக்கு ஒரு குடும்பம் வேணுமில்ல. நாங்க வருஷம் பூரா இருக்கப் போறதில்லையே."

குடும்பம். அப்படியானால் அந்தத் தாளில் இரண்டு குடும்பங்களின் வீடு இருக்கிறது. ஒரு குடும்பத்தைக் கேட்டு வரைந்திருக்கிறார்கள். 'யாரைக் கேட்டுக் கட்டினாய்?' என்று நம் ஊரில் கேட்டால் அது அனுமதியைப் பற்றிய கேள்வி, அதாவது அதிகாரத்தைப் பற்றிய கேள்வி. விருப்பத்தைப் பற்றியும் அதே சொற்களில்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

சேர்வராயன் மலையில் வீட்டின் வரலாறு இந்தக் கேள்வியோடு சேர்ந்தே நடந்திருக்கிறது. இங்கே முதலில் வீடு கட்டியவர்கள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் அல்ல; காஞ்சியிலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் சேர்வராயன், பச்சை, கொல்லி மலைகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்று கதை சொல்லும் பழங்குடிகள். மூங்கில் பிளாச்சு, மண் பூச்சு, புல் கூரை. அதற்குத் தனியாக ஆர்க்கிடெக்ட் கிடையாது. குடியிருப்பவனேதான் வரைந்தவனும் கட்டியவனும். இதை உடனே பொற்காலமாக்கிவிட வேண்டாம். புல் கூரை ஒழுகும், புகை கண்ணைக் கெடுக்கும். கேட்கிறவனும் கேட்கப்படுகிறவனும் ஒரே ஆளாக இருந்தார்கள் என்பது மட்டும்தான் என் செய்தி.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அவரோடு சேர்த்துச் சொல்லப்படும் கிரேஞ்ச் பங்களா பார்ப்பதற்குக் கோட்டை மாதிரி. 1857 கலகத்தின்போது அதன்மேல் பீரங்கி ஏற்றியதாகவும், ஆறு மாத உணவைச் சேமிக்கப் பாதாள அறை கட்டியதாகவும் உள்ளூரில் சொல்கிறார்கள். மெய்யோ பொய்யோ, குடும்ப வீட்டுக்குப் பீரங்கி தேவைப்பட்டது என்று ஒரு கதை நிலைத்திருப்பதே போதும். யாரையும் கேட்காமல் கட்டியவனுக்குத்தான் அந்தப் பயம் வரும். காப்பித் தோட்டங்கள் பெருக, மலையாளிகளின் காடு தரிசு என்று கணக்கில் ஏறியது. தோட்டத்து ஆட்களுக்கு லைன் வீடுகள் வந்தன. மலையாளிகளுக்குப் பிற்பாடு தொகுப்பு வீடுகள் வந்தன. பெரும்பாலும் சமவெளிக்கும் மலைக்கும் ஒரே பிளான்.

ஆர்க்கிடெக்ட் துணையோடு மலைச்சரிவில் நவீனக் குடும்ப வீடு என்ற எண்ணம் நம் பக்கத்தில் எப்போது தோன்றியது என்று தேடினால் கடல் தாண்டிக் கண்டிக்குப் போக வேண்டியிருக்கிறது. தூரமில்லை. சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து கங்காணியின் பின்னால் நம் ஜனங்கள் நடந்து போன வழிதான் அது. முதலில் காப்பிக்கு, பூஞ்சை நோய் காப்பியை அழித்த பிறகு தேயிலைக்கு.

கண்டியில் 1918இல் பிறந்த மின்னெட் டி சில்வா பம்பாயிலும் லண்டனிலும் கட்டடக்கலை படித்தவர். முல்க் ராஜ் ஆனந்த் 1946இல் பம்பாயில் 'மார்க்' இதழைத் தொடங்கியபோது கூட இருந்தவர். லு கொர்புசியேயின் சிநேகிதி. 1948இல் பிரிட்டிஷ் கட்டடக்கலை நிறுவனத்தின் உறுப்பினரானார். ஆசியப் பெண்களில் அவரே முதல். ஊர் திரும்பி அவர் கட்டிய முதல் வீடு கருணாரத்ன குடும்பத்துக்கானது. 1949இல் தொடங்கி 1951இல் முடிந்தது. பெற்றோரின் நண்பர்கள்; செங்குத்தான சரிவு. வீட்டை அரைத்தளம் அரைத்தளமாகச் சரிவோடு இறக்கினார். கான்கிரீட், கண்ணாடிக் கட்டி எல்லாம் உண்டு. ஆனால் கதவுப் பலகைகளில் தும்பறைப் பாய் நெசவு, படிக்கட்டில் அரக்கு வேலை, சுட்ட மண் ஓடுகளில் கண்டி நடன உருவங்கள். கூடத்துச் சுவரில் ஜார்ஜ் கீட் ஓவியம் எழுதினார். நெசவாளியும் அரக்குக் கைவினைஞரும் குயவரும் அருங்காட்சியகப் பொருட்களாக இல்லாமல், கூலி வாங்கிக்கொண்டு நவீன வீட்டுக்குள் நுழைந்தார்கள். இதற்கு அவர் நவீன வட்டாரக் கட்டடக்கலை என்று பெயர் வைத்தார். பிற்காலத்தில் ஐரோப்பாவில் பெரிய கோட்பாடாகப் பேசப்பட்ட விஷயத்தை, முப்பது வயதைச் சற்றே தாண்டிய ஒரு பெண் கண்டியில் செய்து பார்த்துவிட்டார். நம் ஆட்கள் இன்னமும் இதை மேற்கிலிருந்து மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறார்கள், அது கிடக்கட்டும்.

எனக்கு அந்த 'வட்டாரம்' என்ற சொல்தான் இடறுகிறது. கண்டி வட்டாரத்தில் அப்போது நூறு வருஷத்துக்கும் மேலாக வாழ்ந்துகொண்டிருந்தவர்களில் தேயிலைத் தோட்டத் தமிழர்களும் உண்டு. அவர்களுடைய குடும்ப வீடு லயத்துக் காம்பரா. பத்துக்குப் பன்னிரண்டு அடி, முன்னால் ஒரு இஸ்தோப்பு, முதுகோடு முதுகாக ஒட்டிய வரிசை. பிறப்பு, சமையல், பிரசவம், சாவு எல்லாம் அதற்குள். வட்டாரக் கலை என்று பட்டியலிடும்போது லயம் அதில் வராது. வட்டாரத்து மக்கள் என்று பட்டியலிடும்போதும் அவர்கள் விடுபட்டார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. கருணாரத்ன வீட்டு வேலை தொடங்கியதும் அதே 1949தான்.

இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பீர்கள். தொடர்பு ஒன்று இருக்கிறது, மின்னெட்டின் வீட்டுக்குள்ளேயே. அவருடைய தாய் ஆக்னஸ் டி சில்வா 1927இல் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் முன்னணியாளர். டொனமூர் ஆணைக்குழுவின்முன் சாட்சியம் சொல்லப் போன பெண்களில் ஒருவர். தோட்டங்களில் கூலி வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் சேர்த்தா வாக்குரிமை கேட்கிறீர்கள் என்று டொனமூர் பிரபு வினவினார். நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று ஆக்னஸ் பதில் சொன்னார். மேட்டுக்குடிப் பெண்கள் நிறைந்த ஒரு குழுவிலிருந்து அந்தக் காலத்தில் வந்த பதில் இது. 1931இல் சர்வஜன வாக்குரிமை வந்தது. தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினருக்கும் கிடைத்தது, பதினெட்டே வருஷத்துக்கு. தாய் 'அவர்களும்தான்' என்று சேர்த்துச் சொன்னவர்களை நாடு தள்ளிவிட்ட வருஷத்தில், மகள் வட்டாரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தார்.

மின்னெட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதல்ல என் நோக்கம். 1950களின் பிற்பாதியில் கண்டிக்கு அருகே வட்டாபுலுவவில் அரசு ஊழியர்களுக்காக இருநூற்றைம்பது வீடுகள் வரை அமைத்தபோது, கேள்வித்தாள் கொடுத்துக் குடிவரப் போகிறவர்களிடம் கேட்டு வடிவமைத்தார். வேறு வேறு இன, மதக் குடும்பங்கள். எத்தனை பேர், எப்படிச் சமைப்பார்கள், வருமானம் என்ன. அதற்கேற்ப வீட்டு வகைகளும் பலவாயின. எல்லோருக்கும் ஒரே அச்சு என்பதே பொது வீட்டுவசதி என்று உலகம் நம்பிய காலத்தில் இது பெரிய காரியம். ஒரு பணக்காரக் குடும்பத்துக்குக் கிடைத்த மரியாதை ஒரு குமாஸ்தாவுக்கும் கிடைத்தது. ஆனால் அந்தக் கேள்வித்தாள் லயத்துக்குள் போயிருக்க முடியாது. காரணம் ஆர்க்கிடெக்டின் மனசு அல்ல. லயத்தைக் கட்டுகிறவர் துரை. குடியிருப்பவர், கட்டடத் தொழில் 'கிளையண்ட்' என்று யாரைச் சொல்கிறதோ, அந்த ஆள் அல்ல. வேலை போனால் காம்பராவும் போகும். குடியிருப்பவருக்கு வீட்டின்மேல் பேச்சே இல்லை என்பதுதான் அந்தக் கட்டட வகையின் அடித்தளம். இந்தியாவில் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், காப்பித் தோட்டம் உட்பட, முதலாளி வீடு கொடுத்தாக வேண்டும் என்றது. கொடுக்கச் சொன்னது, கேட்கச் சொல்லவில்லை. 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்டுகள் சட்டம் யார் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதை வரையறுத்தது. யாரெல்லாம் கேட்கப்பட வேண்டும் என்பது அதன் வேலை அல்ல.

ஏற்காட்டில் இப்போது வார இறுதி வீடுகள் காப்பிச் சரிவுகளுக்குள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. காலையில் சித்தாள் வேலைக்கு ஏறி வருகிறவர்களில் மலையாளிப் பெண்களும் இருக்கிறார்கள். செங்கல் சுமக்கிற வீட்டுக்கு ஆறு மாதம் கழித்துக் காவலுக்கு வருகிறவரும் அவர்களில் ஒருவராகவே இருக்கலாம். தன் பாட்டன் கட்டிய வீட்டில் அவருக்கு இருந்த பேச்சு, எட்டுக்கு எட்டில் இருக்காது.

இதில் பாதியைத்தான் நண்பரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். "அந்தம்மாகிட்டச் சொன்னா பத்துக்குப் பன்னெண்டா மாத்திடுவாங்க, பெரிய விஷயமில்ல" என்றார். பத்துக்குப் பன்னிரண்டு. அந்த அளவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"அளவு இருக்கட்டும் சார். அந்தக் குடும்பத்துக்கு ஜன்னல் எந்தப் பக்கம் வேணும்னு கேட்டீங்களா?"

"யாரைக் கேக்கறது? ஆளையே இன்னும் பாக்கலையே" என்றார். காப்பி ஆறிப் போயிருந்தது. டம்ளர்களை எடுத்ததும் தாள் தானாகவே சுருண்டுகொண்டது.