போஸ் எடுத்த ஒரு வகுப்பு

‘ஹிக்ஸ் போசான்’னு எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த ‘போசான்’ நம்ம நாட்டு இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸ் பேர்ல இருந்து வந்தது. ஆனா இன்னைக்கு நான் பேசப்போறது அவர் வாத்தியார் வேலையைப் பத்தி.

1921-ல் டாக்கா பல்கலைக்கழகம் தொடங்குது. அதே வருஷம் போஸ் அங்கே ரீடராகச் சேர்கிறார். வயசு 27. மாணவர்களுக்கு பிளாங்கின் கதிர்வீச்சு விதியை நடத்தணும். அதற்கு அப்போ இருந்த நிரூபணம் அவருக்கே திருப்தியா இல்லை. பாதி பழைய இயற்பியல், பாதி குவாண்டம்னு ஒட்டுப்போட்ட மாதிரி இருந்தது. நமக்கே ஒட்டாததைப் பசங்களுக்கு எப்படிச் சொல்றது? ஒளித்துகள்களைப் புது விதமாக எண்ணிப் பார்த்தார். பழைய இயற்பியலோட துணை இல்லாமலே விதி வந்துடுச்சு.

1924 ஜூனில் அந்தக் கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். அவரே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளிவரச் செய்தார். ஐன்ஸ்டீன் எழுதிய ஒரு போஸ்ட்கார்டைக் காட்டியதும் பல்கலைக்கழகம் போஸுக்கு ஐரோப்பா போக 2 வருஷம் லீவு கொடுத்தது.

1926-ல் திரும்பி வந்ததும் பேராசிரியர், துறைத் தலைவர். 1945 வரை டாக்காவில்தான் இருந்தார். ஆய்வகத்தை வளர்க்கணும், துறையை நடத்தணும், பிறகு டீன் பொறுப்பு வேற. அந்த வருஷங்களில் அவர் வெளியிட்ட கட்டுரைகள் குறைவு. காரணம் நிர்வாக வேலை மட்டும்தான்னு சொன்னா அது நியாயமில்லை. கட்டுரை எழுதிக் குவிக்கிற ஆளும் இல்லை அவர். ஆனா ஒண்ணு நிச்சயம்: அவரோட மிகப் பெரிய கண்டுபிடிப்புக்குப் பாடம் நடத்துறது தடையா இருக்கலை. அங்கிருந்துதான் அதுவே தொடங்குச்சு.

யுஜிசி 2018 விதிகளைப் பாருங்க. முழுநேர ஆசிரியருக்கு வாரம் 40 மணி நேரத்துக்குக் குறையாத வேலை. அதில் உதவிப் பேராசிரியர் 16 மணி நேரம் நேரடியா வகுப்பெடுக்கணும். மீதி நேரம் எங்கே போகுதுங்கிறதுதான் கேள்வி. பாடம் தயாரிக்கவா, ஃபைல் தயாரிக்கவா? மணிக்கணக்கில் பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். ஆனா முதல் வேலையில்தான் போஸுக்கு வந்த மாதிரி ஒரு சந்தேகம் வரும்.

நான் இன்ஜினியரிங் படிச்சப்போ ஒரு சார்கிட்ட டவுட் கேட்கப் போனேன். நல்லா நடத்துறவர். மேஜை நிறைய ஃபைல். “இன்ஸ்பெக்ஷன் முடியட்டும், அப்புறம் வாப்பா”ன்னார். இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சுது. நான் திரும்பப் போகவே இல்லை.

அந்த டவுட் என்னன்னுகூட இப்போ ஞாபகம் இல்லை.