சந்தையிலிருந்து பள்ளிக்கு: அமெரிக்க உயர்நிலைப் பள்ளி அணிவகுப்பு இசைக்குழுவின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையிலானோர் பயிலும் உயர்நிலைப் பள்ளிகளில், இலையுதிர்காலத்து வெள்ளிக்கிழமை இரவுகளில் நடக்கும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையின்போது, சீருடை அணிந்த மாணவர் குழு வாத்தியங்களை இசைத்தவாறே மைதானத்தில் அணிவகுப்பது வழக்கம். மார்ச்சிங் பேண்டு எனப்படும் இக்குழுவைத் தொன்றுதொட்டு வரும் பள்ளி மரபாகவே அந்நாட்டினர் பலரும் கருதினாலும், முதல் உலகப் போரை அடுத்த இருபது ஆண்டுகளில்தான் அது நாடு தழுவிய வழக்கமாக வேரூன்றியது. சந்தையை இழந்துகொண்டிருந்த வாத்திய உற்பத்தியாளர், படையிலிருந்து திரும்பிய இசைக்கலைஞர், இசையைப் பாடமாக்க முயன்ற கல்வியாளர் ஆகிய மூவகையினரின் நோக்கங்களும் அக்காலத்தில் ஒன்றுகூடின. இவற்றுள் வணிகரின் பங்கு மிகப் பெரியது. பள்ளி விழா மலர்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுவே.

வாத்தியக் குழு முழங்கப் படை நடக்கும் முறையில் ஒட்டோமான் துருக்கியரின் மெஹ்தர் குழுக்களிடமிருந்து ஐரோப்பியப் படைகள் பலவற்றைக் கற்றன. பெருமுரசும், சிம்பல் என்னும் பெரிய உலோகத் தாளமும் 18ஆம் நூற்றாண்டில் அவ்வழியே பரவின. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபின், படைப் பேண்டுகளில் வாசித்தவர்கள் ஊர் திரும்பியதால் சிற்றூர்களில்கூடப் பித்தளைக் கருவிகள் ஒலிக்கும் ஊர்ப் பேண்டுகள் பெருகின. இம்மரபின் உச்சமாக விளங்கிய ஜான் ஃபிலிப் சூசா, 1880 முதல் 1892 வரை கடற்படைச் சிப்பாய்களின் பேண்டை நடத்தியபின், சொந்தக் குழு ஒன்றை அமைத்து 1932இல் இறக்கும்வரை நாடெங்கும் இசைப்பயணம் செய்தார். வாசிப்பவரின் உடலைச் சுற்றி வளைந்து தோளில் தங்கும் சூசாஃபோன் என்னும் பெருங்குழல் அவர் பெயரையே தாங்கியுள்ளது; ஆயினும் அணிநடை இசையின் அரசர் எனப் போற்றப்பட்ட அவருடைய குழு உண்மையில் தெருவில் அணிவகுத்தது மிக அரிது, அரங்கில் அமர்ந்து வாசிப்பதே அதன் தொழில்.

அக்காலத்தில் பள்ளிகளில் பேண்டு முற்றிலும் இல்லாமலில்லை. பாஸ்டன் துறைமுகத் தீவொன்றில் ஆதரவற்ற சிறுவர்க்கென நடந்த பண்ணைப் பள்ளியில் 1850களின் பிற்பகுதியிலேயே மாணவர் பேண்டு இருந்தது. பழங்குடிச் சிறார்களை அவர்தம் மொழியிலிருந்தும் குடும்பத்திலிருந்தும் பிரித்து வளர்த்த கார்லைல் உறைவிடப் பள்ளியின் பேண்டு, 1883இல் புரூக்ளின் பாலத் திறப்பு விழாவில் வாசித்தது. இத்தகைய நிறுவனங்களில் பேண்டு முதன்மையாகக் கட்டொழுங்கைப் பழக்கும் கருவியாகவே இருந்தது; மாணவர் தாமே விரும்பிச் சேரும் குழு என்ற கருத்து பிற்காலத்தில் அரும்பியதாகும்.

அத்தகைய குழு பரவியதற்குக் காரணம் ஒரு வணிக நெருக்கடி. இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரில் சார்லஸ் ஜெரார்டு கான் தொடங்கிய தொழிற்சாலையைச் சுற்றி அந்நகரே வாத்தியத் தொழிலின் தலைநகராக வளர்ந்திருந்தது. ஆனால் 1920களில் இசைத்தட்டும் வானொலியும் மோட்டார் வண்டியும் ஊர்ப் பேண்டுகளின் மாலைக் கச்சேரிகளிலிருந்து கேட்போரை இழுத்துச் சென்றன. 1927க்குப் பின் வந்த பேசும் படம் திரையரங்குகளில் வாசித்து வந்தோரின் பிழைப்பையும் பறித்தது. படைக்கான கொள்முதலும் போரோடு முடிந்துவிட்டது. எஞ்சியிருந்த பெரிய சந்தை பள்ளி ஒன்றே. கட்டாயக் கல்விச் சட்டங்களாலும் நகர வளர்ச்சியாலும் உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை வேகமாக உயர்ந்துகொண்டிருந்த அவ்வேளையில், படைப் பேண்டுகளில் பயின்று திரும்பியோர் ஆசிரியப் பணிக்குக் காத்திருந்தனர்.

1923இல் சிகாகோவில் பள்ளிப் பேண்டுகளுக்கான முதல் தேசியப் போட்டியை வாத்திய உற்பத்தியாளரே பொருளுதவி செய்து நடத்தினர். முப்பதளவு குழுக்கள் வந்திருந்த அப்போட்டியில் ஓஹையோ மாநிலத்தின் ஃபோஸ்டோரியா பள்ளி வென்றது. போட்டி விளம்பரமாகவே தோன்றிவிடும் என்பதால், பின்னர் இசை ஆசிரியர் அமைப்பொன்று அதை முன்னின்று நடத்த, தொழிலதிபர் பின்னணியில் நின்றனர். 1926, 1927, 1928 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து வென்றது இல்லினாய் மாநிலத்தின் ஜோலியெட் நகரப் பள்ளி. அதன் பேண்டை 1912இல் தொடங்கிய ஏ. ஆர். மெக்காலிஸ்டர் அங்கே கைத்தொழில் கற்பித்த ஆசிரியர் என்பது, இசைக்கெனத் தனி ஆசிரியர் இல்லாத அக்காலப் பள்ளி நிலையைக் காட்டுகிறது. ஒரு நல்ல பேண்டில் எந்தெந்தக் கருவி எத்தனை இருக்கவேண்டும் என்பதைப் போட்டியை நடத்தியோர் வரையறுத்தபோது, ஓபோ, பசூன், பிரெஞ்சு ஹார்ன் போன்ற விலையுயர்ந்த கருவிகளைப் பள்ளிகள் வாங்கவேண்டியதாயிற்று. கல்வித் தரம் உயர்ந்ததும் விற்பனை உயர்ந்ததும் அந்த ஒரே வரையறையால்தான். மெரெடித் வில்சன் எழுதி 1957இல் மேடையேறிய ‘தி மியூசிக் மேன்’ என்னும் இசைநாடகம், சிற்றூர்ப் பெற்றோரை ஏய்த்துப் பேண்டுக் கருவிகளை விற்கும் வணிகனைத் தலைவனாகக் கொண்டிருப்பது வெறும் கற்பனையன்று. வில்சன் இளமையில் சூசாவின் குழுவில் புல்லாங்குழல் வாசித்தவர், அத்தொழிலை உள்ளிருந்து கண்டவர்.

அக்காலப் போட்டிகளில் முதன்மையாக மதிப்பிடப்பட்டது மேடை வாசிப்பே. மைதானத்தில் உருவங்களை அமைக்கும் கலையோ பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தது. பர்டியூ பல்கலைக்கழக பேண்டு 1907இல் வரிசையைக் கலைத்து ‘பி’ என்ற எழுத்தாக நின்றது இதன் தொடக்கங்களுள் ஒன்று. கால்பந்து மைதானத்தில் ஐந்து கஜத்திற்கு ஒரு கோடு உண்டு. படைவீரரின் முப்பது அங்குல எட்டில் ஆறு வைத்தால் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டை அடையலாம். ஆனால் இசை நான்கு நான்கு தாளமாக அமைவதால், எட்டை 22.5 அங்குலமாகக் குறைத்து, எட்டு எட்டுகளில் ஐந்து கஜத்தைக் கடக்கும் முறை நிலைபெற்றது. பாட்டின் அளவும் மண்ணின் அளவும் இவ்வாறு பொருந்தியபின், ஒவ்வொரு மாணவரும் எந்த நொடியில் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதை வரைபடமாகத் தாளில் எழுதிவிட முடிந்தது. புதிதாகச் சேர்வோர் பள்ளி திறப்பதற்கு முந்தைய கோடை வெயிலில், பேண்டு கேம்ப் என்னும் பயிற்சி முகாமில் முதலில் கற்பது இந்த எட்டைத்தான்.

சேரும் உரிமை எல்லோர்க்கும் ஒரே காலத்தில் கிட்டவில்லை. உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே பெண்கள் வாசித்தனர். ஆனால் அவர்களுள் தேர்ந்தோரும் பெரிய பல்கலைக்கழக பேண்டுகள் சிலவற்றில் நுழைய 1970கள் வரை காத்திருக்க நேர்ந்தது. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்து, 1973இல்தான் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக பேண்டு பெண்களை ஏற்றது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மாணவர்க்கான புனித அகஸ்டின் பள்ளியின் பேண்டு, எட்வின் ஹாம்ப்டன் தலைமையில், 1967இல் மார்டி கிரா திருவிழாவின் ரெக்ஸ் ஊர்வலத்தில் அணிவகுத்த முதல் கறுப்பினப் பள்ளிப் பேண்டாயிற்று. வழிநெடுகப் பார்வையாளர் சிலர் எச்சில் உமிழ்ந்தும் கையில் கிடைத்ததை எறிந்தும் இழிவுசெய்தபோதும் அம்மாணவர் வரிசை குலையாமல் நடந்தனர். இவ்வரலாற்றில் எந்தத் தேசியக் கோப்பையைவிடவும் எடைமிக்க நிகழ்ச்சி இது.

பள்ளிகளுக்கு வெளியே இயங்கிய முரசு-ஊதுகுழல் குழுக்கள் 1972இல் தமக்கென ஒரு தேசியப் போட்டித் தொடரைத் தொடங்கின; 1975இல் பள்ளிப் பேண்டுகளுக்கெனவும் அதுபோன்றதோர் அமைப்பு தோன்றியது. வாரந்தோறும் புதிய நிகழ்ச்சி அளித்து ஊராரை மகிழ்விக்கும் பழைய முறை அதன்பின் பல இடங்களில் தேய்ந்து, ஒரே நிகழ்ச்சியை மாதக்கணக்கில் செதுக்கி நடுவர் முன் வைக்கும் முறை வலுத்தது. கொடி சுழற்றும் கலர் கார்டு, மைதான ஓரத்தில் நிலையாக வைத்து வாசிக்கும் மரிம்பா முதலியவை சேர்ந்ததால் கலைநயம் மிகுந்தது, செலவும் மிகுந்தது. போட்டிக்குச் செல்லும் பேண்டுகள் பலவற்றில் ஒரு மாணவருக்கான ஆண்டுக் கட்டணம் பல நூறு டாலர்; சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேல். கார் கழுவியும் தின்பண்டம் விற்றும் நிதி திரட்டும் பூஸ்டர் என்ற பெற்றோர் சங்கங்கள் அச்சுமையில் ஒரு பகுதியைத் தாங்குகின்றன.

வாசிக்கத் தெரிந்த எந்த மாணவரையும் தேர்வின்றி ஏற்கும் பள்ளிகள் இன்றும் மிகுதி. ஆனால் வாசிக்கக் கற்பது பெரும்பாலும் ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்பில் தொடங்குகிறது. புல்லாங்குழலும் கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் குடும்பமே கடையிலிருந்து மாத வாடகைக்கு எடுக்கவேண்டியவை, டியூபாவும் பெருமுரசும் பள்ளியின் உடைமை. எனவே பேண்டில் ஒரு பிள்ளையின் கைக்கு எந்தக் கருவி வருகிறது என்பதைச் செவியும் உதடும் தீர்மானிக்கும் அளவுக்கு வீட்டு வருமானமும் தீர்மானிக்கிறது.