இரும்புக்கை மாயாவி

இரும்புக்கை மாயாவி, விஞ்ஞானப் புனைவும் அமானுஷ்யத் திகிலும் கலந்த ஒரு சித்திரக்கதைத் தொடர். மூலம் பிரிட்டனில் பிறந்தது. தமிழில் 1972-இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் அதைத் தன் முதல் இதழாக வெளியிட்டது.

லண்டனின் ஃப்ளீட்வே நிறுவனம் 1962 அக்டோபரில் தொடங்கிய ‘வேலியண்ட்’ வார இதழில், முதல் இதழிலிருந்தே இத்தொடர் இடம்பெற்றது. தொடக்கக் கதைகளை எழுதியவர் விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் கென்னத் புல்மர். பின்னர் டாம் டல்லி தொடர்ந்தார். பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசுஸ் பிளாஸ்கோ (1919–1995) படம் வரைந்தார்.

பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வுக்கூட உதவியாளன் லூயிஸ் கிராண்டேல். முன்பு நேர்ந்த விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். மற்றொரு விபத்தில் அவன் உடலில் மின்சாரம் பாய, உருவம் முழுதும் மறைந்து இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிறது. மின்சாரத்தின் விளைவு தணிந்ததும் உருவம் திரும்பிவிடும். மறுபடி மறைய வேண்டுமானால் மின்னதிர்ச்சியை அவன் வலியத் தேடிப் போக வேண்டும். கதையின் திகில் முழுவதும் இந்த ஏற்பாட்டில்தான் அடங்கியிருக்கிறது. பேய்க்கதை கேட்டு வளர்ந்த வாசகருக்கு ஆளில்லாத கை புதிதல்ல. ஆனால் இங்கே அந்தக் கையை மந்திரமோ ஆவியோ இயக்கவில்லை. சுவரில் இருக்கும் மின் இணைப்பே போதும் என்றாகிவிடுகிறது.

முதல் கதையில் கிராண்டேல் நாயகனே அல்லன். விபத்தில் புத்தி பேதலித்து, கொள்ளையிலும் அழிவிலும் இறங்கும் மனிதன். அடுத்து அவனுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரே மிருகத்தனமான உருவாக மாறி வெறியாட, பழி கிராண்டேல் மேல் விழுகிறது. தொடரின் மிகச் சிறந்த பகுதி இதுதான். பிளாஸ்கோவின் அடர்ந்த கறுப்பு நிழலும், வியர்த்து வெளிறிய முகங்களும், வெற்றிடத்திலிருந்து நீளும் உலோக விரல்களும் இங்கே கதைக்கு உயிராக நிற்கின்றன. பின்னாளில் கிராண்டேல் ‘நிழற்படை’ என்னும் ரகசிய அமைப்பின் உளவாளியாகிறான். இரும்பு விரலில் துப்பாக்கி, விஷவாயு, வானொலி எல்லாம் பொருத்தப்படுகின்றன. சாகசம் கூடியது; தன் மனத்தையே தான் நம்ப முடியாத மனிதனின் பயம் குறைந்தது.

முத்து காமிக்ஸை நிறுவியவர் சிவகாசிப் பதிப்பாளர் எம். சௌந்திரபாண்டியன், தொடக்க கால ஆசிரியர் முல்லை தங்கராசன். வேலியண்டில் வாரத்துக்குச் சில பக்கங்களாக வந்த கதையை இவர்கள் ஒரே இதழில் முழுக்கதையாகக் கொடுத்தார்கள். கையடக்க அளவு, கறுப்பு வெள்ளை அச்சு. ஆங்கில வாசகர் வாரக்கணக்கில் காத்திருந்து படித்ததைத் தமிழ்ச் சிறுவர் ஒரே மூச்சில் முடித்தார்கள். ஒவ்வொரு வாரப் பகுதியின் முடிவிலும் வந்த திடுக்கிடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வந்ததால், தமிழில் கதையின் வேகம் மூலத்தைவிடக் கூடுதலாகத் தோன்றும். அம்புலிமாமாவின் வேதாளக் கதைகளில் ஊறிய தலைமுறைக்கு, நவீன நகரத்தில் நடக்கும் மாயம் புது அனுபவம்.

1984-இல் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். வில்லனாகத் தொடங்கும் ஸ்பைடரும், இயந்திர மனிதன் ஆர்ச்சியும் அதன் வழியாகத் தமிழுக்கு வந்தனர். இருவரும் பிரிட்டனின் ‘லயன்’ இதழில் பிறந்தவர்கள். பின்னர் இத்தாலியின் மர்ம மனிதன் மார்ட்டினும், பேய்களைத் துப்பறியும் டைலன் டாக்கும் இதே பதிப்பகத்தில் இடம்பிடித்தனர். அமானுஷ்யத்தை நேராகவே பேசும் கதைகளுக்கான தமிழ் வாசகரை உருவாக்கியதில் மாயாவிக்குப் பெரும் பங்குண்டு.

பிரிட்டனில் தொடர் 1970-இல் நின்று, 1971 முதல் சிறிது காலம் மீண்டும் வந்தது. ஆலன் மூர் கதைத் திட்டம் வகுத்து 2005-இல் தொடங்கிய ‘ஆல்பியன்’ படக்கதையில் கிராண்டேல் மறுபடி தலைகாட்டினான். ஃப்ளீட்வேயின் பழைய படைப்புகளை வாங்கிய ரெபெல்லியன் நிறுவனம் மூலக்கதைகளைத் தொகுத்து 2021-இல் நூலாக்கியது. தமிழில் முத்து காமிக்ஸ் பழைய மாயாவி கதைகளைப் பலமுறை மறுபதிப்புச் செய்திருக்கிறது. அந்த இதழ் 2022-இல் ஐம்பது ஆண்டுகளை நிறைவுசெய்தது.