'மம்': ஒலியிலிருந்து மௌனத்திற்கு

ஆங்கிலத்தில் 'வாய் திறவாதே' என்னும் பொருளில் 'கீப் மம்' என்ற தொடர் வழங்குகிறது. இதிலுள்ள 'மம்' என்பதை 'மௌனம்' என்பதோடு உறவுபடுத்தத் தோன்றலாம். ஆயின் ஒலியொப்புமை ஒன்றே சொல்லுறவுக்குச் சான்றாகாது. 'மௌனம்' என்பது 'முனி' என்னும் வடசொல்லின் அடியாகப் பிறந்தது. 'மம்' என்பதோ இதழ் மூடிய நிலையில் எழும் ஒலியினின்று தோன்றிய ஒலிக்குறிப்புச் சொல். மகரம் இதழ் இயைதலால் பிறப்பதைத் தொல்காப்பியப் பிறப்பியலும் கூறும்.

இச்சொல் தொடக்கத்திலேயே மௌனத்தை மட்டும் குறித்ததன்று. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் லாங்லண்ட் இயற்றிய 'பியர்ஸ் ப்ளௌமன்' என்னும் நெடும்பாட்டில் இது 'மொம்' என வருகிறது. பணத்தைக் காட்டும்வரை வழக்குரைஞர் வாயிலிருந்து ஒரு 'மொம்' கூட வாராது என்பது அங்குள்ள எள்ளல். அங்கு அது மிகச் சிறிய ஒலியையே சுட்டுகிறது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்த 'மம் அண்ட் த சோத்செகர்' என்னும் பாட்டில், உண்மை உரைப்போனுக்கு எதிர்நிற்கும் வாயடக்கமே 'மம்' என்னும் பாத்திரமாகிறது. ஷேக்ஸ்பியரின் 'ஆறாம் ஹென்றி' நாடகத்தின் இரண்டாம் பகுதியிலோ, 'மம்' என்பதன்றி வேறு சொல் இல்லை என ஒரு பாத்திரம் தன் இதழுக்குப் பூட்டிடுகிறது. 'மம் மட்டும் சொல்' என்பதும் 'ஏதும் சொல்லாதே' என்பதும் இங்கு ஒன்றாகின்றன. சொல்லாகாத ஒலி, சொல்லின்மையின் பெயராதல் இயல்பே.

தமிழிலும் இதற்கு இணை உண்டு. கதை கேட்போர் 'உம்' கொட்டுவர், சினந்தோர் 'உம்'மென்றிருப்பர். முன்னது மறுமொழி; பின்னது மறுமொழியின்மை. இஃது இனவுறவன்று, ஒரே ஒலியுறுப்பு இருமொழியிலும் ஆற்றிய ஒத்த செயல்.

மொழிபெயர்ப்பாளருக்கு இடர் வேறிடத்தில் உள்ளது. மழலைவழி வந்த, தாயைக் குறிக்கும் 'மம்' வேறு சொல். இரண்டாம் உலகப் போரின்போது, இரகசியம் காக்குமாறு அறிவுறுத்திய பிரிட்டிஷ் சுவரொட்டி ஒன்று, 'அப்பாவைப் போல் மம் காத்திடு' என இரண்டையும் சிலேடையாக்கியது. அது பெண்களை இழிவுபடுத்துவதாக 1941இல் எடித் சம்மர்ஸ்கில் காமன்ஸ் அவையில் ஆட்சேபித்தார். தமிழில் 'காத்தல்' மௌனத்திற்கும் இசையும், இல்லாளுக்கும் இசையும். வினை கடந்துவரும், பெயர் வாராது. சிலேடையை இழந்து 'மௌனம் காத்திடு' என்று மட்டும் பெயர்த்தால் எச்சரிக்கை எஞ்சும்; அந்த ஆட்சேபத்தின் காரணம் மறைந்துவிடும். அவ்விடத்து ஓர் அடிக்குறிப்பே நேர்மையான மொழிபெயர்ப்பாகும்.