6.1 என்னும் எண்: பிஸ்மத் ஃபெரைட் மென்படல வரலாற்றில் ஒரு மறுவாசிப்பு

ராமமூர்த்தி ரமேஷின் ஆய்வு வாழ்க்கையை எழுதுவோர் எல்லாரும் 2003 மார்ச் 14 அன்று ‘சயன்ஸ்’ இதழில் வெளியான பிஸ்மத் ஃபெரைட் கட்டுரையை எல்லைக்கல்லாக நிறுத்துகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியலும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் உலோகவியலும் (1983) படித்து, பெர்க்லியில் 1987இல் முனைவர் பட்டம் பெற்ற ரமேஷ், அப்போது மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இருந்தார். அந்தக் கட்டுரையின் சுருக்கத்திலேயே இரண்டு எண்கள் எதிரெதிரே நிற்கின்றன. மென்படலத்தின் மின்முனைவாக்கம் சதுர செ.மீ.க்கு 50 முதல் 60 மைக்ரோகூலூம்; படலமாக்காத பருப்பொருளின் மின்முனைவாக்கம் 6.1. படலமாக்கியதும் பண்பு ஏறக்குறைய பத்து மடங்கு உயர்ந்தது என்ற செய்தி இவ்விரண்டு எண்களின் ஒப்பீட்டிலிருந்தே பிறந்தது. 60ஐப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இக்கட்டுரை 6.1ஐப் பற்றியது.

அந்த எண்ணின் மூலம் 1970இல் ‘சாலிட் ஸ்டேட் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் டீக், கெர்சன், ஜேம்ஸ் ஆகிய மூவர் எழுதிய சிறு கட்டுரை. ஒற்றைப் படிகம் ஒன்றைத் திரவ நைட்ரஜன் வெப்பநிலைக்குக் குளிர்வித்து அதன் ஹிஸ்டெரிசிஸ் வளைவைப் பதிந்தார்கள். கருவி காட்டிய மதிப்பு 6.1 அன்று, 3.5. அது கனசதுர அலகின் விளிம்புத் திசையில் அளந்தது. பிஸ்மத் ஃபெரைட்டின் முனைவாக்கம் உடல் மூலைவிட்டத் திசையில் கிடப்பது. விளிம்பில் கிடைப்பது அதன் வீழல் மட்டுமே. ஆகவே 3.5ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கினார்கள். 6.06 வந்தது; முழுமையாக்க 6.1 ஆயிற்று. பின்வந்தோர் அளவீடாகவே எடுத்தாண்ட இந்த எண் ஒரு பெருக்கல் விடை.

இதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை, வடிவகணிதம் சரியானதே. சிக்கல் 33 ஆண்டுகள் கழித்து எழுகிறது. 2003இன் படலம் ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் அடித்தளத்தின் (001) முகத்தில், ஸ்ட்ரான்ஷியம் ருத்தனேட் மின்வாயின் மேல் வளர்க்கப்பட்டது. அதில் அளந்த 55 அளவிலான மதிப்பும் விளிம்புத் திசையினதே. அப்படியானால் அதற்கு எதிரே நிற்க வேண்டிய எண் 3.5. மூலைவிட்டத்துக்கு மாற்றிய 6.1ஐ விளிம்பில் அளந்த 55ஓடு ஒப்பிட்டதால், பதினாறு மடங்காகத் தெரிந்திருக்க வேண்டிய இடைவெளி பத்து மடங்குக்குள் அடங்கிவிட்டது. பதினாறு மடங்கு என்று எழுதியிருந்தால், பழைய அளவீடே நம்பத்தக்கதா என்ற கேள்வி அன்றே எழுந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

கேள்வி எழாமல் போனதற்கு இன்னொரு காரணம், கோட்பாட்டுக் கணக்கீடு இரண்டு எண்களுக்கும் ஒரே நேரத்தில் சான்று சொன்னதுதான். 2003 கட்டுரையிலேயே ராம்போஹெட்ரல் பருப்பொருளுக்கு 6.6 அளவிலும், நாற்கோண வடிவுக்கு 63 அளவிலும் கணக்கிட்ட மதிப்புகள் தரப்பட்டன. சோதனையும் கோட்பாடும் இப்படிப் பொருந்தினால் யாருக்குத்தான் ஐயம் வரும்? ஆனால் படிகத்தின் முனைவாக்கத்தைக் கணக்கிடும் இன்றைய முறையில் ஓர் இயல்பான ஐயப்பாடு உண்டு. கடிகாரம் மணியைச் சொல்லும், எந்த நாள் என்று சொல்லாது. கணக்கீடும் அதுபோல ஒரு குவாண்ட அலகின் மடங்குகளைத் தவிர்த்த மீதியை மட்டுமே தரும். 6.6உம் 63உம் ஒரே கிளையில் உள்ளவையா என்பதை ஒரு வடிவிலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியாக நகர்த்திப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

அந்த வேலையை 2005இல் ‘ஃபிசிகல் ரெவ்யூ பி’ இதழில் நீட்டன், எடரர், வாக்மாரே, ஸ்பால்டின், ராபே ஆகியோர் செய்தார்கள். இவர்களுள் எடரர் தவிர நால்வரும் 2003 கட்டுரையின் இணையாசிரியர்கள். உமேஷ் வாக்மாரே பெங்களூர் ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர். அவர்கள் கண்ட விடை: அடித்தளத்தால் நேரும் திரிபு எதுவும் இல்லாத பருப்பொருளின் முனைவாக்கமே 90 முதல் 100 மைக்ரோகூலூம். அதாவது படலம் எதையும் பெருக்கிவிடவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் 6.1ஐ என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர்கள் இரண்டு விளக்கங்கள் தந்தார்கள். ஒன்று, பழைய மாதிரியில் கசிவு மின்னோட்டம் மிகுந்திருக்கலாம். மற்றொன்று, பழைய மதிப்பும் புதிய மதிப்பும் இரண்டுமே மெய்யானவை. முனைவாக்கம் திசை மாறும்போது அணுக்கள் வெவ்வேறு பாதைகளில் நகர்ந்ததால் வெவ்வேறு மதிப்புகள் கிடைத்தன. அவர்கள் அழுத்தம் தந்தது இரண்டாவதற்கு. கோட்பாட்டின் அழகு அதில் உண்டு. ஆயினும் அந்த வாசிப்பை ஏற்பதற்கில்லை என்பதே என் நிலை.

முதல் காரணம் வேறொரு கட்டுரையில் இருக்கிறது. 2004இல் ‘அப்ளைடு ஃபிசிக்ஸ் லெட்டர்ஸ்’ இதழில் லீ முதலானோர், ரமேஷும் உடன் நின்று, மூன்று முகங்களில் வளர்த்த படலங்களை ஒப்பிட்டார்கள். விளிம்புத் திசையில் சுமார் 55, முக மூலைவிட்டத்தில் 80, உடல் மூலைவிட்டத்தில் 100. கட்டுரையின் தலைப்போ, அடித்தளம் தூண்டும் நிலைமாற்றங்களால் முனைவாக்கம் வியத்தகு அளவில் உயர்ந்தது என்கிறது. மூன்று எண்களையும் தலைப்பை மறந்துவிட்டுப் பாருங்கள். 100 அளவுள்ள ஒரே திசையனை மூலைவிட்டத்தில் வைத்து வீழல் எடுத்தால் முக மூலைவிட்டத்தில் 82, விளிம்பில் 58 வரும். மூன்று படலங்களிலும் இருப்பது ஒரே முனைவாக்கம். மாறியது பார்த்த கோணம் மட்டுமே. (111) முகப் படலத்தின் படிக அமைப்பு ஒற்றைப் படிகத்தினதைப் போன்றே இருந்தது என்று அதே கட்டுரை சொல்கிறது. அமைப்பில் பருப்பொருளை ஒத்த படலமே மிகப் பெரிய மதிப்பைக் காட்டியது. உயர்வுக்கு அடித்தளத் திரிபு காரணம் என்ற வாதத்தை மறுக்கும் சான்று, அந்த வாதத்தைத் தலைப்பில் தாங்கிய கட்டுரைக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

இரண்டாவது காரணம் 6.1இன் பிறப்பு முறை. பாதை விளக்கம் நிற்க வேண்டுமானால் பழைய மதிப்பு படிக அமைப்பால் நிலைபெற்ற, தெவிட்டிய (புலத்தைக் கூட்டினாலும் இனி உயராத) மதிப்பாக இருந்தாக வேண்டும். 1970இன் வளைவைத் தெவிட்டியதாகக் கொள்ள முடியாது. தெவிட்டாத வளைவு தரும் எண் அன்று செலுத்திய மின்புலத்தின் எண். பொருளின் எண் அன்று. புலத்தை மாற்றினால் அதுவும் மாறும். அப்படிப்பட்ட எண்ணுக்கு அணுக்களின் பாதையில் விளக்கம் தேடத் தேவையில்லை.

இங்கே ஒரு தடை எழும். கசிவு மின்னோட்டம் வளைவை ஊதிப் பெரிதாக்கும், சிறிதாக்காது; அப்படியிருக்க 3.5 என்ற சிறு மதிப்பு எப்படி வந்தது? கசிவு நேரடியாக அதைச் செய்யவில்லை என்றே கருதுகிறேன். கசியும் படிகத்தில் பெரும் புலத்தைச் செலுத்த இயலாது. கசிவை அடக்கக் குளிர்விக்க வேண்டும். குளிர்வித்தால் முனைவாக்கத்தைத் திருப்பத் தேவையான புலம் கூடும். படிகத்தின் ஒரு பகுதி மட்டும் திரும்பி, மீதி அசையாமல் நின்றிருக்கும். இதற்கு நேர்ச் சான்று இல்லை. பக்கச் சான்று உண்டு. 2007இல் பிரான்சில் லெபூகல் முதலானோர் மிகத் தூய ஒற்றைப் படிகத்தில் அறை வெப்பநிலையில் அளந்தபோது விளிம்புத் திசையில் 60 கிடைத்தது. மூலைவிட்டத்துக்கு மாற்ற 100 ஆயிற்று. 1970இன் அதே பெருக்கல்தான், இம்முறை நல்ல படிகத்தில். திரும்பத் திரும்பப் புலத்தைச் செலுத்தியபோது அந்தப் படிகமும் சீர்கெட்டு, முழுத் தெவிட்டலை எட்டவில்லை என்பதையும் அவர்கள் பதிந்திருக்கிறார்கள். நல்ல படிகத்துக்கே இந்த நிலை என்றால், 1970இன் படிகத்துக்கு அது நேர்ந்திருக்காது என்று சொல்வது கடினம். ஆனாலும் அன்று தடையாய் இருந்தது கசிவா, போதாத புலமா, இரண்டுமா என்பதைப் பிரித்துக் காட்ட வழியில்லை.

காந்தப் பண்பைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2003 கட்டுரை பெரிய காந்தமாக்கத்தையும் அறிவித்தது. 2005இல் கேம்பிரிட்ஜின் ஈரென்ஸ்டீன் முதலானோர் அதே ‘சயன்ஸ்’ இதழில், திரிபு காந்தமாக்கத்தையும் முனைவாக்கத்தையும் உயர்த்தவில்லை என்று மறுத்தார்கள். ஆக்சிஜன் அழுத்தம் குறைவாக இருக்கையில் வளரும் இரும்பு ஆக்சைடுக் கலப்பே பெரிய காந்தமாக்கத்தைத் தருகிறது என்று பியா முதலானோர் காட்டினார்கள். மறுப்பு சரியே. ஆனால் அதைப் பற்றிக்கொண்டு 2003 கட்டுரையே வீண் என்று சொல்வோரோடு நான் உடன்படவில்லை.

படலம் செய்தது என்ன? பருப்பொருளில் இருந்தும் யாராலும் அளக்க முடியாதிருந்த மதிப்பை அளக்கத் தந்தது. அந்தத் திறமை 2003இல் திடீரென வந்ததன்று. 1987இல் பெல்கோர் ஆய்வகத்தில் திருமலை வெங்கடேசனின் குழு உயர்வெப்ப மீகடத்திக்குத் துடிப்பு லேசர் படிவு முறையைக் கையாண்டது. 1989இல் ரமேஷ் அங்கே சேர்ந்தார். பிளாட்டினம் மின்வாய்கள் கொண்ட ஃபெர்ரோமின் நினைவகங்கள் விரைவில் களைப்படைந்தன. அதற்குத் தீர்வாகக் கடத்தும் ஆக்சைடின் மேல் ஃபெர்ரோமின் ஆக்சைடை ஒட்டி வளர்க்கும் வழியை 1990களின் தொடக்கத்தில் அங்கே வளர்த்தார்கள். 2003இன் ருத்தனேட் மின்வாய் அதன் நேர் வாரிசு. ரமேஷின் ஆய்வு வாழ்க்கையைப் பொருள்களின் பட்டியலாக எழுதும் வழக்கம் இந்தத் தொடர்ச்சியை மறைத்துவிடுகிறது. 2006இல் மின்புலத்தால் எதிர்ஃபெர்ரோ காந்தக் களங்களைத் திருப்பியதும், 2009இல் களச்சுவர்களில் மின்கடத்தலைக் கண்டதும், 2014இல் அறை வெப்பநிலையில் காந்தத்தை மின்புலத்தால் புரட்டியதும் பத்து மடங்கு உயர்வு என்ற கூற்றைச் சார்ந்தவை அல்ல. நன்றாக வளர்ந்த படலத்தைச் சார்ந்தவை.

பருப்பொருளின் உண்மை மதிப்பு அறியப்பட்ட ஆண்டாக 2005ஐக் கொள்வதா, 2007ஐக் கொள்வதா என்பது சான்று என எதை ஏற்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2004இன் மூன்று எண்களைச் சான்றாக ஏற்றால் அந்த ஆண்டையே சொல்லலாம். ஆனால் அன்று அவற்றை அப்படி வாசித்தவர் எவரையும் நான் அறியேன். முடிவான ஆண்டை நான் வற்புறுத்தவில்லை.

திருப்பதியில், ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழக இயற்பியல் துறையில் வனேடியம், மாலிப்டினம் ஆக்சைடுப் படலங்கள் பல ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகின்றன. அத்தகைய ஆய்வகங்களில் வேலை செய்யும் மாணவர்களுக்கு இந்த வரலாற்றிலிருந்து சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. பழைய எண் எதையும் அட்டவணையில் சேர்க்குமுன் அதன் மூலக் கட்டுரையைத் தேடிப் படியுங்கள்: எந்தத் திசையில், எந்த வெப்பநிலையில், எவ்வளவு புலத்தில் அளந்தார்கள், அளந்தது எது, பெருக்கியது எது என்று பாருங்கள். உங்கள் எண்ணை எழுதும்போது இவை நான்கையும் அதன் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.